கண் வலி வந்த கடிகாரம்

காளீஸ்வரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குறிஞ்சி அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், சௌந்தரம் அம்மாளின் கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து, மடியில் பழைய பேப்பரைப் பரப்பி, காம்பின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் இலையெல்லாம் பொலபொலவென்று உதிர்கிற அந்த வேலையைக் கை தன்பாட்டுக்குச் செய்ய விட்டுவிட்டு, கண்ணை மட்டும் வாசல் கதவுக்கு அனுப்பி அனுப்பிக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைக் கேமரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே "இங்கே கேமரா இருக்கிறது, பேச்சு பதிவாகாது" என்று ஒட்டியிருந்த அட்டையில் இருந்தது அவளுடைய கையெழுத்துத்தான், எட்டாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அலுப்பாக இருக்கிற நேரத்தில் அவள் அந்தக் கேமராவுக்கு அழகு காட்டுவாள். அதுவும் பழகிப்போய் ஒன்றும் சொல்லாது.

அன்றைக்குத் தோஹாவிலிருந்து பாஸ்கர் வருகிறார். சௌந்தரம் அம்மாளின் மகன். அந்தக் கட்டிடத்து ஆட்களில் கண் சிவப்பு இன்னும் போகாத ஒரே ஆள் அவர்தான். அதற்கு மருந்து காளீஸ்வரியிடம்தான் இருந்தது, அவர் நேரில் வந்தால்தான் தருவேன் என்று அவள் சொல்லியிருந்தாள், அதற்காகத்தான் மதுரைக்கு விமானம் ஏறி வருகிறார்.

முன்னாலெல்லாம் காளீஸ்வரி யாரையும் நிமிர்ந்து பார்த்தவளே இல்லை. செல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, படியேறி, செருப்பை வெளியே விட்டு, தலையைக் குனிந்தபடியே உள்ளே நுழைவாள். வாதத்தில் ஒரு பக்கமும் பேச்சும் போய்ப் படுத்த படுக்கையாகிவிட்ட சௌந்தரம் அம்மாளைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, பவுடர் போட்டு, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டி, அந்தியானால் குனிந்த தலையோடேயே இறங்கிப் போவாள். அந்தக் கட்டிடத்தில் அவளுடைய வகிடு எல்லாருக்கும் தெரியும், முகம் பாதிப்பேருக்குத் தெரியாது. சௌந்தரம் அம்மாளின் மகள் கீதாலட்சுமி, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர், கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர், அவளிடம் பேசுகிறதென்றால் அந்த வகிட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

காளீஸ்வரிக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. தன்ஷிகா என்று பேர். இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் கைக்குழந்தைக்காரி வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார், அவளும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் பவுனுதான் பகலெல்லாம் பிள்ளையை வைத்திருந்தாள். மத்தியானம் சௌந்தரம் அம்மாள் கண்ணயர்ந்ததும் காளீஸ்வரிக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு கல்லாக வலிக்கும். சமையலறைக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜும் அரிசி டிரம்மும் இருக்கிற ஸ்டோர் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, சுடுதண்ணீரில் கழுவிய சின்ன எவர்சில்வர் தூக்கில் பாலைப் பீச்சி, மூடி, ஃப்ரிட்ஜில் மாவுச்சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சாயங்காலம் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவாள். மறுநாள் பகலுக்குப் பவுனு பாலாடையில் புகட்டுகிற பால் அது.

ஒருநாள் படியில் இறங்கும்போது தூக்கு சாய்ந்து நாலு சொட்டு சிந்திவிட்டது. பின்னால் வந்த கீதாலட்சுமி அதைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது, பாலாக இருந்தது, தன் வீட்டிலிருந்து இறங்கிப் போனது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஒன்றோடு ஒன்றைக் கூட்டினார், விடை வந்துவிட்டது. நேரில் கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். சண்டை என்றாலே கைகால் உதறுகிற மனுஷி அவர், தோஹாவுக்குப் போன் போட்டார்.

"கேட்டா ஒத்துக்குவாளாக்கா? கையும் களவுமாப் பிடிக்கணும்" என்றார் பாஸ்கர்.

அவர் வரவழைத்துக் கொடுத்த வட்டமான சுவர்க்கடிகாரம் ஸ்டோர் ரூமில் மாட்டப்பட்டது. ஆறு என்கிற எண்ணின் வயிற்றுக்குள் கடுகளவு கண் இருந்தது. அது பார்க்கிறதெல்லாம் தோஹாவில் பாஸ்கரின் போனில் தெரியும்.

கடிகாரம் பார்த்தது. மறுநாளும் பார்த்தது. அதற்கு மறுநாள் அதற்குக் கண் வலி வந்துவிட்டது. முதலில் கண்ணோரம் சிவந்தது, பிறகு பீளை கட்டியது, பிறகு முட்களெல்லாம் வீங்கினாற்போல் மெதுவாக நகர ஆரம்பித்து, நேரம் பின்தங்கிப் போய், சுவரோடு கோடாகத் தண்ணீர் வடிந்தது. கீதாலட்சுமி வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டார். குழாய் எங்கேயோ கசிகிறது போல என்று நினைத்து விரலை நக்கிப் பார்த்தார், உப்புக் கரித்தது. சாயங்காலம் அவருடைய கண்ணும் உறுத்தியது. தோஹாவில் பாஸ்கருக்கு இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

அதற்குள் பாஸ்கர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தார். போனில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு, குனிந்த தலை, கையில் தூக்கு, பக்கத்தில் ஃப்ரிட்ஜ். அந்தப் படத்தை வெட்டி எடுத்து, "எங்கள் வீட்டில் பால் திருடும் பெண், உங்கள் வீட்டிலும் ஜாக்கிரதை" என்று எழுதி, அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். குழுவில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் இல்லாதவர்களுக்குக் காட்டினார்கள், காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தபோது குறிஞ்சி அடுக்ககம் முழுக்கக் கண் வலி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடக்கப் போனார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிள்ளைகளை வேன் ஏற்றிவிட்டார்கள், சங்கச் செயலாளர் தேவசகாயம் கறுப்புக் கண்ணாடியோடு தண்ணீர் லாரிக்காரரிடம் கையெழுத்துப் போட்டதில் லாரிக்காரர் சினிமாக்காரரோ என்று கும்பிட்டார். கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், அது கண்ணுக்குள் போன வேகத்தில் வெளியே வந்துவிட்டது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றினார்கள், பூ சிவந்தது. தெப்பக்குளம் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டார்கள், கீதாலட்சுமி தனக்கும் தன் தம்பிக்கும் வாங்கும்போது கடிகாரத்துக்கும் சேர்த்து ஒரு ஜோடி வாங்கினார், கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை. படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் வலி வருகிறது என்பது மூன்றாம் மாடியில் முதலில் வெளியானது. நான் பார்க்கவேயில்லை என்று சத்தியம் பண்ணிய புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது பெண்டாட்டி அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

அதோடும் நிற்கவில்லை. வேறு வீடுகளில் ஒளித்து வைத்திருந்த கேமராவெல்லாம் அழ ஆரம்பித்தது. நாலாம் மாடி அலமாரியில் உட்கார்ந்திருந்த கரடி பொம்மை மடி நனைய அழுதது. முதல் மாடியில் பூஜாடி அழுதது. போன் சார்ஜர் ஒன்று அழுது அழுது தரையில் குட்டையாகத் தேங்கியது, அந்த வீட்டுச் சமையல்காரி ராக்கம்மா துணி போட்டுத் துடைத்துவிட்டு, சார்ஜரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஓ, நீதானா" என்றாள்.

செயலாளர் வீட்டு அம்மாவின் போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் ராக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நாலு பெற்றவள் அவள். பார்த்ததற்கு அவளுக்கும் கண் சிவந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. நேரே படியேறிப் போய்க் காளீஸ்வரியைச் சமையலறை வாசலில் பிடித்தாள்.

"ஏத்தா, பாலு பீச்சுறதுக்கு அந்த ரூம்புக்குள்ளயா போற?"

காளீஸ்வரியின் தலை இன்னும் குனிந்தது.

"அங்க அழுவுற கடிகாரத்துல கேமரா இருக்குத்தா. நீ பாலைத் திருடுறேன்னு ஊரு பூராம் காட்டிப்புட்டாங்க."

காளீஸ்வரி ஸ்டோர் ரூமுக்குப் போனாள், கடிகாரத்துக்குக் கீழே நின்றாள், அது அழுதுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் நெருப்பு பட்டதுபோல் இருந்தது அவளுக்கு. அவளைத் தொட்டவன் அவள் புருஷன் ஒருவன், அவள் மாரைப் பார்த்தது அவள் பிள்ளை ஒன்று, இப்போது கட்டிடமே பார்த்திருக்கிறது, பார்த்துவிட்டுத் திருடி என்று வேறு சொல்லியிருக்கிறது. முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துக் கடிகாரத்தின் கண்ணை மூடிக் கட்டினாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர், படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுச் செல்லூரில் விசாரித்திருந்தார்.

"கைக்குழந்தை இருக்காம்ல உனக்கு. பொய் சொல்லி வேலைக்குச் சேந்திருக்க. நாளையிலேர்ந்து போக வேணாம்."

அன்று சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் சீனி கையை நீட்டி மறித்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "பையைக் காமிச்சுட்டுப் போம்மா. செக்ரட்டரி உத்தரவு."

பைக்குள்ளே தூக்கு இருந்தது, தூக்குக்குள்ளே தன்ஷிகாவின் மறுநாள் பகல் இருந்தது. சீனி அதன் மூடியில் கை வைத்தார். காளீஸ்வரி தலையை நிமிர்த்தினாள். எப்படி நிமிர்ந்தது என்று அவளுக்கே தெரியாது, கழுத்தில் யாரோ கட்டியிருந்த கல்லை அவிழ்த்துவிட்டதுபோல் நிமிர்ந்தது. சீனியை நேருக்கு நேர், இமைக்காமல், வேண்டிய மட்டும் பார்த்தாள்.

"அது என் பாலுண்ணே" என்றாள். "என் புள்ளைக்கு."

சீனி கையை எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் கண் கழுவிவிட்ட பீங்கான் மாதிரி வெள்ளையாக இருந்தது.

அது ஏன் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மெட்ராஸ் ஐக்குத் தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், சீனி எப்படியோ ஒரு சொட்டு வாங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். வேலை இல்லை என்று சொன்ன பிறகும் காளீஸ்வரி மறுநாள் வந்திருந்தாள், சௌந்தரம் அம்மாளை அப்படியே போட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. வந்தது வந்தாயிற்று, இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது என்று பிள்ளையையும் இடுப்பில் தூக்கி வந்திருந்தாள். கட்டிடம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறி வந்தது. வெள்ளிக் கிண்ணம், எவர்சில்வர் கிண்ணம், கழுவிய சொட்டு மருந்துக் குப்பி. வரிசையில் முதலில் தேவசகாயம் நின்றார், அவர் மனைவி பின்னாலிருந்து முதுகைத் தள்ளினார்.

"ரெண்டு சொட்டு போதும்மா" என்றார் தேவசகாயம்.

ராக்கம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "நேத்து வரைக்கும் திருட்டுப் பாலு. இன்னைக்கு மருந்துப் பாலா சார்?"

உள்ளேயிருந்து காளீஸ்வரியின் குரல் வந்தது, சின்னக் குரல், கடைசியில் நின்றவர் வரைக்கும் கேட்டது. "எம் புள்ள குடிச்சது போக மிச்சம் இல்லைங்க."

கிண்ணங்கள் இறங்கிப் போயின. அன்று சாயங்காலம் கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூடியது, ஐந்தாம் மாடி வக்கீல் ஷமீமாவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்கள், ஏனென்றால் கண்ணாடி இல்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். காலை வணக்கப் படங்கள் தாங்காமல் அந்தக் குழுவிலிருந்து அவர் எப்போதோ விலகியிருந்தார்.

"நம்ம வீட்டுல நாம கேமரா வைக்கக் கூடாதா வக்கீலம்மா?" என்றார் தேவசகாயம்.

"வைக்கலாம். ஹால்ல வைங்க, வாசல்ல வைங்க, படுக்கையில இருக்கிறவங்களை வேத்து ஆள் கையில விட்டுட்டுப் போறோம், பயம் இருக்கத்தான் செய்யும், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா வேலைக்கு வர்றவங்ககிட்ட சொல்லிட்டு வைங்க. பேச்சைப் பதிவு பண்றதுன்னா அதை வேற தனியாக் கேளுங்க. துணி மாத்துற இடம், குளிக்கிற இடம், ஒரு பொம்பளை கதவைச் சாத்திட்டுத் தனியா இருக்கோம்னு நம்பி நிக்கிற இடம், அங்க வைக்கிறது குத்தம். அந்தப் படத்தை அடுத்தவங்களுக்கு அனுப்புறது இன்னொரு குத்தம்."

"எங்க வீடுதானே" என்றது ஒரு கறுப்புக் கண்ணாடி.

"வீடு உங்களுது. சுவரு உங்களுது. கடிகாரம்கூட உங்களுது. அதுக்குக் கீழ நிக்கிற மனுஷி உங்களுது இல்ல."

"சொல்லிட்டு வச்சா எப்படிங்க திருடுறவங்களைப் பிடிக்கிறது?"

"சொல்லாம வச்சு யாரைப் பிடிச்சீங்க? எல்லாரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்கதான் மாட்டியிருக்கீங்க."

பின்னால் வேலைக்காரப் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேதான் சீனி கையைத் தூக்கி, எனக்குப் பாலெல்லாம் யாரும் ஊத்தலைங்க, அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துச்சு, அவ்வளவுதான் என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பிக் காளீஸ்வரியைப் பார்த்தது. தூணோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஷமீமா எழுந்து அவளிடம் போனார். "நீ போலீஸ்ல புகார் குடுக்கணும்னா சொல்லு, நான் கூட வர்றேன். வேண்டாம்னாலும் சரி. இன்னைக்குச் சொல்லணும்னுகூட இல்லை. அது உன் இஷ்டம்."

தன் இஷ்டம் என்று ஒன்றைக் காளீஸ்வரியிடம் அதுவரைக்கும் யாரும் நீட்டியதில்லை. அதைக் கையில் வாங்கியவள்போல் நின்றாள். கீதாலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், வீங்கிச் சிவந்த கண்ணோடு அவள் முன்னால் நின்றார்.

"நான் உங்கிட்டயே கேட்டிருக்கணும் காளீஸ்வரி" என்றார். "இப்பக் கேக்குறேன். உனக்கு என்ன செய்யணும்?"

"எனக்குச் சொல்லத் தெரியலைக்கா."

"தெரிஞ்ச மாதிரி சொல்லு."

காளீஸ்வரி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அந்தப் படம் ஒருத்தர் போன்லயும் இருக்கக் கூடாதுக்கா. ஹால்ல கேமரா வச்சுக்குங்க, அம்மாவுக்காக வச்சுக்குங்க, எங்க இருக்குன்னு நான் எழுதி ஒட்டுவேன். ஸ்டோர் ரூம்புத் தாழ்ப்பாள் எனக்கு வேணும். ஏஜென்சிக்காரர் வேணாம், நீங்க வச்சுக்குறதுன்னா வச்சுக்குங்க, வச்சுக்குறதுன்னா எம் புள்ளையும் வருவா." பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். "நான் யாரைப் பாக்கணுமோ அவங்க எங்கிட்ட வரட்டும். கண்ணாடியைக் கழட்டிட்டு வரட்டும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிக்கணும்."

கீதாலட்சுமி தலையை ஆட்டினார். காளீஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கீதாலட்சுமி அதுவரைக்கும் வகிட்டோடு பேசிக்கொண்டிருந்தவர், அந்த முகத்தில் இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம் இருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

அதிலிருந்து ஹாலில் பாயை விரித்துக் காளீஸ்வரி உட்கார்ந்துவிட்டாள், கட்டிடம் ஒவ்வொருவராக வந்து எதிரே உட்கார்ந்தது. சிலரைச் சட்டென்று விட்டாள். சிலரைப் பார்த்துக்கொண்டே சௌந்தரம் அம்மாளுக்குக் கஞ்சி ஆற்றினாள், பிள்ளைக்குத் தலை சீவினாள், அவர்கள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். தேவசகாயத்தைப் பார்த்த பார்வையில் அவர் தன் மனைவியிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டார். ராக்கம்மாவைப் பார்க்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததிலேயே ராக்கம்மாவுக்குச் சரியாகிவிட்டது. அதைப் பார்த்து மற்ற வேலைக்காரப் பெண்களும் பழகிக்கொண்டார்கள். பூஜாடி வீட்டுப் பெண் பூஜாடி வைத்தவரைப் பார்த்தாள், கரடி வீட்டுப் பெண் கரடி வைத்தவரைப் பார்த்தாள், கட்டிடம் மெல்ல மெல்ல வெளுத்தது. படியில் எதிரே வந்தால் முகத்தைப் பார்த்து, "என்ன காளீஸ்வரி, பாப்பா தூங்குதா?" என்று கேட்கிற வழக்கம் அப்போது வந்ததுதான். கடைசியாக அவள் ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கடிகாரத்தின் கட்டை அவிழ்த்து, ஒரே ஒரு சொட்டு, அது வாயில்லாத ஜீவன் என்பதால், விரலால் தொட்டு அதன் கண்ணில் வைத்தாள். அது இமையை மூடியது, பிறகு திறக்கவே இல்லை. இப்போது அது நேரம் மட்டும் காட்டுகிறது, அதையும் சரியாகக் காட்டுகிறது.

பாஸ்கர் மட்டும் மிச்சம். போனிலேயே பார்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். வீடியோ காலில் பார்த்தும் பார்த்தாள், பாவம், போனுக்குக் கண் வலி வந்ததுதான் மிச்சம். "நேர்ல வரச் சொல்லுங்கக்கா" என்றாள் காளீஸ்வரி. ஒளிந்திருந்து பார்த்தவர்களில் ரொம்பத் தூரத்தில் இருந்து பார்த்தவர் அவர், அவ்வளவு தூரத்தையும் அவரே நடந்து கடக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

கீரை பாதி உருவி முடித்திருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கீதாலட்சுமி கதவைத் திறந்தார். பெட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பாஸ்கர் உள்ளே வந்தார், அம்மாவின் கட்டிலருகே போய் அவர் கையைப் பிடித்தார், சௌந்தரம் அம்மாள் நல்ல கையால் மகனின் கன்னத்தைத் தடவிவிட்டு, அதே கையால் பாயைக் காட்டினார். போ, அங்கே போய் உட்கார் என்று அந்தக் கைக்கு அர்த்தம். பாஸ்கர் பாயில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் விட்டுப்போனதால் முழங்கால் மடங்க மறுத்தது.

"கண்ணாடி" என்றாள் காளீஸ்வரி.

கழற்றினார். இரண்டு கண்ணும் செம்பருத்தியாக இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், உதிர்ந்து கிடந்த கீரையைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நான் திருட்டுன்னுதாம்மா நினைச்சேன்" என்றார். "வேற ஒண்ணும் மனசுல இல்லை."

"தெரியும் சார்."

"எல்லாரையும் மன்னிச்சிட்டேன்னு அக்கா சொன்னாங்க."

"மன்னிச்சேன்னு யாரு சொன்னது? பார்த்தேன், அவ்வளவுதான்." காம்பைக் கீழே வைத்தாள், கையில் ஒட்டிய இலையைச் சேலை ஓரத்தில் துடைத்தாள், பாயில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள், மேலேயிருந்த வெள்ளைக் கேமராவும் அவளோடு சேர்ந்து நிமிர்ந்ததுபோல் இருந்தது. "நீங்க பார்த்தப்ப எம் முதுகுதான் தெரிஞ்சிருக்கும். இப்ப எம் முகத்தைப் பாருங்க சார். அன்னைக்கு நான் அந்த ரூம்புக்குள்ள நின்னது உங்க வீட்டுப் பாலுக்காக இல்லை, எனக்குன்னு ஒரு" என்று அவள் சொல்லிக்கொண்டு வரும்போதே உள்ளே தொட்டிலில் தன்ஷிகா விழித்துக்கொண்டு வீறிட்டாள், அந்தச் சத்தம் கேட்டதும் மாரில் பால் சுரக்க, "இருங்க சார், எம் புள்ள கூப்பிடுறா" என்று எழுந்து, மடியிலிருந்த கீரைப் பேப்பரைத் தூக்கிப் பாஸ்கரின் மடியில் வைத்து, மிச்சத்தை உருவச் சொல்லிவிட்டு, பிள்ளையை வாரிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் காளீஸ்வரி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.